முகூர்த்தத்துக்கு முதல் நாள் நின்ற விலைச் செய்தி

வியாழன் இரவு. நாளை முகூர்த்தம்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்று பூச்சந்தையில் மல்லிகை விலை எக்கச்சக்கமாக ஏறியது. என் கமிஷன் கடையில் கால் வைக்க இடமில்லை. பூ விற்றதும் எடையும் விலையும் விவசாயியின் போனுக்குச் செய்தியாகப் போய்விடும். அதற்காகத்தான் பில் போடும் மென்பொருள் தரும் ஒரு கிளவுட் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். எத்தனை பில் போட்டாலும் அளவே கிடையாது என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். பாதி வியாபாரத்தில் கம்ப்யூட்டர் திரை நின்றுவிட்டது. ‘நியாயமான பயன்பாட்டு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். தொடரப் பெரிய திட்டத்துக்கு மாறவும்.’

கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த நியாயமான அளவு எவ்வளவு தம்பி?"

"அதை சிஸ்டம்தான் முடிவு பண்ணும் மேடம்."

"எத்தனை கிலோன்னு தராசுதான் முடிவு பண்ணும், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்னு நான் சொன்னா, இங்கன ஒருத்தன் பூ தருவானா?"

பதிலுக்கு, லைனில் காத்திருக்க வைக்கும் பாட்டைப் போட்டுவிட்டான். வேறு வழியில்லாமல் பெரிய திட்டத்துக்கே பணம் கட்டித் தொலைத்தேன். அதற்கு வரம்பு எவ்வளவு என்றும் எங்கேயும் எழுதவில்லை. திரை நின்ற நேரத்தில் விற்ற பூவுக்கு யாருக்கும் செய்தி போகவில்லை.

சாயங்காலம் பனவடலிசத்திரத்திலிருந்து வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். இத்தனை வருஷம் பஸ்ஸில் பூவை ஏற்றிவிட்டுத் தன் பாட்டுக்கு இருப்பவர். ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. இன்று கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, விலை கூடுன அன்னைக்கு மட்டும் மெசேஜ் வரலியோ?"

"கம்ப்யூட்டர் நின்னுட்டு அண்ணாச்சி."

உண்மையைத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.