சீட்டில்லாமல் கூட வந்தவை

மார்ச் 3, திங்கள்
எழுத்து கோணல். வரிகள் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. பிறகு படிக்கப்போகிற நான்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் படிக்க மாட்டார்கள். மகள் சுபாஷிணி டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. எழுபத்திரண்டு வயதில், மகளுக்குப் படிக்கத் தெரியாததை நான் எழுதுகிறேன்! இதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. சந்தோஷம்.

மார்ச் 5, புதன்
மீனாக்ஷி டீச்சர் மாலை வகுப்பில் ‘ஞா’ சொல்லிக்கொடுத்தார். யானை உட்கார்ந்த மாதிரி என்ன அழகு.

மார்ச் 7, வெள்ளி
சுபாஷிணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று இன்றுதான் முழுதாகக் கேட்டேன். கம்ப்யூட்டருக்குள் செய்தி எல்லாம் சின்னப் பொட்டலங்களாக வருமாம். எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். எதை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று வரிசையாக விதிகள் உண்டு. அந்த விதிகளைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வதும் சோதிப்பதும் அவள் பொறுப்பு. “நீங்க கேட்ல நின்னு செஞ்சீங்களே, அதேதாம்ப்பா” என்றாள். முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலக வாசலில் காவலுக்கு நின்றவன் நான். இன்று ஒரு வாய் சோறு அதிகம் சாப்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்
பொட்டலத்தைத் துண்டு துண்டாக வெட்டியும் அனுப்பலாமாம். முதல் துண்டை மிகச் சிறியதாக வெட்டினால், கதவு எண் இரண்டாம் துண்டில் போய் விழும். விதி முதல் துண்டைப் பார்க்கிறது, அதில் ஒன்றுமில்லை என்று விடுகிறது. அடுத்ததை, கூட வந்தது என்று பார்க்காமலே விடுகிறது. சுபாஷிணி அப்படி வெட்டி அனுப்பிச் சோதித்தாள். தடுக்கவேண்டியது உள்ளே போய்விட்டது. சோதனையில் தோற்றது என்று திரையில் சிவப்பு. ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மார்ச் 11, செவ்வாய்
அவளுடைய மேலாளர் ஸ்ரீவத்ஸன் போனில் பேசியது எனக்கும் கேட்டது. வியாழக்கிழமை புதுப் பதிப்பு ரிலீஸ், மறுநாள் ஹோலி லீவு. “அந்த ஒரு டெஸ்ட்டை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு. இப்படி வெட்டி எவன் அனுப்பப் போறான்?”
அச்சா என்றாள். எடுத்துவிட்டாள். ஓட்டை அப்படியே இருக்கிறது, திரை முழுக்கப் பச்சை.
சீ. திரிந்த பாலை வடிகட்டிக் காபி போட்டது போல.

மார்ச் 12, புதன்
எல்லாம் சோதித்துப் பார்த்தேன் என்று, சோதித்தவர் தன் பெயரைக் கீழே எழுத வேண்டுமாம், அது அவர்கள் வழக்கம். திரையில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னேன். சுபாஷிணி ஜோதிலிங்கம். என் பெயரும் அங்கே! போன மாசம்தான் நான் எழுதக் கற்ற பெயர். அது போயும் போயும் ஒரு பொய்க்குக் கீழே.
“பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதறது அசிங்கம்மா.”
“அப்பா, பஸ், போதும். உங்களுக்கு இது புரியாது.”
சாப்பிடப் பிடிக்கவில்லை.
புரியாதா? எனக்கா? இங்கேயாவது எழுதுகிறேன். வாசலில் அனுமதிச் சீட்டு நீட்டுவார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. கண்ணை மேலும் கீழும் ஓட்டித் தலையாட்டுவேன். பின்னால் வருபவன் ‘சாத் மே ஹை’, கூட வந்தவன் என்பான், அவனையும் விடுவேன். சாயங்காலம், எல்லாச் சீட்டும் பார்த்தாயிற்று என்று ரிஜிஸ்டரில் கைநாட்டு. அப்படிக் கூட வந்த ஒருத்தன் ஒருநாள் மாடியில் ஒரு கிளார்க்கை மண்டை உடைய அடித்துவிட்டுப் போனான். என்னைக் கேட்டார்கள். சீட்டைப் பார்த்தேன் என்றேன். அந்தக் கட்டைவிரல்தான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது. தூ.

மார்ச் 13, வியாழன்
காலையில் சுபாஷிணியிடம் சொல்லிவிட்டேன். கிளார்க் விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்டாள். பிழைத்தார், ஒரு காது போய்விட்டது.
“பார்த்தேன்னு ஏன் சொன்னீங்க?”
“கேட்டவங்களுக்கு அதுதாம்மா வேண்டியிருந்தது.”
எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி
ஹோலி. கீழே ஒரே கூச்சல், வண்ணப்பொடி. அவள் இறங்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. என்னைப் பார்க்கவே அருவருப்போ?

மார்ச் 16, ஞாயிறு
இன்று அவளே காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை ரிலீஸ் போகவில்லையாம். அன்றே டெஸ்ட்டை மறுபடி லிஸ்டில் வைத்துவிட்டு, தன் பெயரை அழித்துவிட்டு, எல்லாருக்கும் காரணம் எழுதி அனுப்பியிருக்கிறாள். ஸ்ரீவத்ஸன் கத்தினாராம். அடுத்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.
ஓட்டையை அடைத்தாயிற்றா என்று கேட்டேன்.
“ரெண்டு நாளா அடைக்கப் பாக்கறேன். இன்னும் சிவப்புதாம்ப்பா.”
நல்லது. அடுத்த ஞாயிறும் கேட்பேன். பச்சை என்றால் பச்சை என்று எழுதுவேன், சிவப்பு என்றால் சிவப்பு. இரண்டு சொல்லும் எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும்.