ஏசிக் காற்றும் என் கருணையும்

பிப்ரவரி 3, செவ்வாய்
விமான நிலையத்தில், காணாமல்போன பெட்டிகளுக்கான என் கவுன்டரில் இன்று பதினோரு பேர். பத்துப் பேர் கத்த வந்து, என் கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து அடங்கிப் போனார்கள். பதினோராமவர் ஒரு பெரியவர். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "அழாதம்மா, வெறும் பெட்டிதானே" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போய்விட்டார்.

நான் எங்கே அழுதேன்? தலைக்கு மேலே ஏசி. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிச்சல். இதற்காகவே 'கனிவான ஊழியர்' கேடயம் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்
கணினியில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "நீலிக்கண்ணீர் வடிச்சா இப்படித்தான்" என்றார். இரவுச் சமையல் அவர் தலையில்.

பிப்ரவரி 12, வியாழன்
கண் டாக்டர் சொன்னது: "கண்ணு காஞ்சு கெடக்கு."
"தண்ணி கொட்டுதே டாக்டர்?"
"காஞ்சதாலதான் கொட்டுது. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கணும். உங்களுக்கு அடைச்சுக்கிச்சு. எண்ணெய் இல்லாம ஈரம் நிக்காது. எரியும். எரிஞ்சா கண்ணு பதறிப்போய் தண்ணியக் கொட்டும்."

வெந்நீரில் நனைத்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம், காலை மாலை. சொட்டு மருந்து நான்கு வேளை. கணினி முன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஏசிக்குக் கீழே உட்காரக் கூடாது. எப்போது குணமாகும் என்று கேட்டேன். "பல்லு தேய்க்கிற மாதிரி. தினமும் செய்யணும், அவ்ளோதான்."

நாற்பத்தாறு வயதில் சிமிட்டக் கற்றுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி
நாற்காலியை நகர்த்திக்கொள்ளட்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். "அங்கயே இருங்கம்மா, புகாரே வரமாட்டேங்குது" என்கிறார். என் கண் போனாலும் பரவாயில்லை, அவர் கணக்கில் புகார் வரக் கூடாது. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நகர்த்திவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி
ஒத்தடம். சொட்டு. சிமிட்டல். எரிச்சல் பாதி. கண்ணீர் நின்றதால் கவுன்டரில் திட்டு இரண்டு மடங்கு.

மார்ச் 4, புதன்
எழுத்து ஒற்றையாகத் தெரிகிறது. பழைய படிவங்களைப் புரட்டினேன். 'பெட்டிக்குள் என்ன இருந்தது' என்ற கட்டம் ஏழு படிவங்களில் காலி. எல்லாம் என்னைத் தேற்றியவர்கள். அவர்கள் சொல்ல வாய் திறக்குமுன்னே நான் மூக்கை உறிஞ்சியிருப்பேன்.

பெரியவருக்குப் போன் போட்டேன். "ஐயா, பெட்டிக்குள்ள என்ன வெச்சிருந்தீங்க?"
குழறலாகப் பதில் வந்தது: "பல் செட்டும்மா. நீ அப்படி அழும்போது பல்லக் காணோம்னு எப்படிச் சொல்றது?"

ஓடினேன். அடையாளச் சீட்டு கிழிந்த பெட்டிகள் கிடங்கில் கிடக்கும். உள்ளே இருப்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். நான்காவது பெட்டியில், பட்டுச் சட்டைக்குள் சுருட்டி, ஒரு டப்பா. என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. சே, நானெல்லாம் ஒரு ஆளா?

மார்ச் 6, வெள்ளி
பெரியவர் வந்தார். பெட்டி எங்கே கிடந்தது என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். என் எதிரிலேயே பல்லை மாட்டினார். பிறகு ஆரம்பித்தார்.

பிப்ரவரி எட்டாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம். பல் இல்லாததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம்; எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பந்தியில் உட்காராமல் கஞ்சி குடித்தாராம். "பத்தடி தூரத்துல வெச்சுக்கிட்டு என்னம்மா வேல பாக்கறீங்க?"

கால் மணி நேரம் திட்டினார். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக வந்தது. நான் சிமிட்டிக்கொண்டே கேட்டு, அத்தனையையும் புகார் படிவத்தில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். மகளிடம் நானே பேசுகிறேன் என்றேன். எண்ணைக் கொடுத்தார்.

அவர் போன பிறகு கழிவறையில் போய் அழுதேன். அங்கே ஏசி கிடையாது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்றாம் வேளைச் சொட்டைப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.