எதிர் வரிசைக்குப் போன லாரி

ஞாயிறு, காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். இதை முதலில் எழுதாவிட்டால் நீங்கள் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் நலம் அறிய வழியில்லை. முன்பு எழுதிய இரண்டு கடிதமும் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா, நீங்கள் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறீர்கள், ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். ரொட்டிக்காரர் பக்கத்து ஊரில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் தெருமுனையில் பாதி கட்டி நிற்கிற ஆறு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் துப்பாக்கியோடு சிலர் ஏறி உட்கார்ந்து இன்றோடு பதினாறு நாள். எந்தத் தரப்பு ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டில் எது அசைந்தாலும் சுடுகிறார்கள். நாய்களைக்கூட விடவில்லை. நம் வரிசைக்குப் பின்சந்து இருப்பதால் பிழைத்தோம். ரொட்டி வருகிறது, மருந்துக்கடைக்காரர் பின்கதவைத் திறந்து மருந்து கொடுக்கிறார். எதிர் வரிசைக்குப் பின்னால் மில் மதில்தான். அங்கே இருந்தவர்கள் முதல் நாளே கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள். உங்கள் அக்கா மட்டும் ஓடவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

அவரிடம் அரிசி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரைக்குப் போடும் ஊசி மருந்துதான் தீர்ந்துகொண்டே வருகிறது. தினமும் காலையில் மாடி ஜன்னல் திரையை விலக்கி எனக்கு விரல் காட்டுகிறார். இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று அர்த்தம். போன வியாழன் ஒன்பது. இன்று ஆறு.

நான்கு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் குழந்தை தங்காமல் போன அன்று, கூடியிருந்தவர்கள் காதுபட, "இவ கைராசிக்கு எதுதான் தங்கும்?" என்று கேட்டாரே, அந்த ஒரு வாய்ச்சொல். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் என் கால் தானாக ஜன்னலுக்குத்தான் போகிறது.

நடந்ததை மறைக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நம் கேபிள்காரர், "அறுபதடி ரோடுதானே அக்கா, நான் எறிஞ்சா அவங்க வாசல்லயே விழும்" என்று மருந்தைத் துணியில் சுற்றி வாங்கிப் போனார். எறிந்தார். பாதி ரோட்டில் விழுந்தது. ஓடி எடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் நடு ரோட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தார். இருட்டிய பிறகு அவர் தம்பிகள் கயிறு போட்டு இழுத்தார்கள். அவருடைய ஒரு செருப்பு இன்னும் நடு ரோட்டில் கிடக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த மருந்துக்காகப் போனவர். அவர் மனைவியின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


செவ்வாய், மத்தியானம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் லாரியைத் தொட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஞாயிறு மாலை உங்கள் வேலை அறையில் மெழுகுவத்தி தேடிப் போனேன். மேஜைமேல் துணி போர்த்தி நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன அந்தப் பழைய பட்டாள லாரி பொம்மை. இரண்டு வருஷம் லீவில் வந்தபோதெல்லாம் என்னோடு இருந்ததைவிட அதோடு இருந்ததுதான் அதிகம். என் சக்களத்தி என்று நான் பேர் வைத்ததற்கு நீங்கள் சிரித்தது ஞாபகம் வந்தது. துணியை எடுத்தேன். ஒன்றரை முழ நீளம், ஆறு சக்கரம், தாழ்ந்தும் உயர்ந்தும் போகிற பட்டை ஸ்பிரிங், திறந்து மூடுகிற பானெட், என்னைத் தைக்கச் சொல்லி மூன்று தடவை பிரிக்க வைத்த தார்ப்பாய். "அசல் வண்டி எப்படிப் போகுமோ அப்படிப் போகணும், பள்ளம் மேடெல்லாம் ஏறணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்களே. இது ரோட்டைத் தாண்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தையல் மிஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவளுக்குப் பல்சக்கரம் புரியாமல் போகாது. மோட்டாரிலிருந்து வருகிற இரண்டு ஒயரை நீங்கள் பற்றவைக்காமல் விட்டிருந்தீர்கள். கரண்ட் இல்லாததால் சால்டரிங் கம்பியை அடுப்பில் காய்ச்சிப் பற்றவைத்தேன். ஆள்காட்டி விரலில் கொப்புளம், வேறொன்றுமில்லை. உங்கள் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி அதிலிருந்து சார்ஜ் ஏற்றினேன். ரிமோட்டை அழுத்தியதும் அது மெல்ல முனகிக்கொண்டு நகர்ந்தபோது, சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. இனி அனுப்பாமல் இருக்கக் காரணமில்லையே.

ஸ்டியரிங் தலைகீழாக இருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது. நீங்கள் இருந்தால் எதையோ ஒன்றைத் தட்டிச் சரிசெய்திருப்பீர்கள். நான் என் கையைத்தான் மாற்றிக்கொண்டேன். நாற்காலிக் கால்களுக்கு நடுவே நேற்று முழுக்க ஓட்டிப் பழகினேன். தலையணையை மேடாகப் போட்டு ஏற்றினேன்.

மருந்துக்கடைக்காரர் ஒரு மாதத்துக்கான மருந்தைப் பஞ்சில் பொதிந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அதைக் குண்டுன்னு நெனச்சுட்டா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால்தான் தார்ப்பாயை எடுத்துவிட்டேன். பின்னால் பஞ்சுப் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை என்று மேலிருந்து தெரியட்டும். ஓட்டுகிற இடத்தில் நீங்கள் உட்கார வைத்திருந்த சிப்பாய் பொம்மையைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். பானெட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய பட்டாள எண்ணையும் முத்திரையையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். பச்சை நிறத்தின்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டேன். மன்னியுங்கள். சுரண்டும்போது எனக்கே வலித்தது.

மாடி வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்து இறங்கி வந்தார். "உங்க நாத்தனார் ஒருத்திக்காக எங்க பிள்ளைங்க உசுர அடகு வைக்கணுமா? வண்டி எந்த வாசல்லேர்ந்து வருதோ அந்த வீட்டத்தான் அடிப்பாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். நம் வாசலிலிருந்து விட மாட்டேன், மூன்று கட்டிடம் தள்ளிப் பூட்டிக் கிடக்கிற ஜெராக்ஸ் கடையிலிருந்து விடுகிறேன் என்றேன். படியேறிப் போய்விட்டார்.

இன்று அக்கா காட்டியது நான்கு விரல். நாளை மத்தியானம் அனுப்புகிறேன். அந்த நேரத்தில்தான் சத்தம் கொஞ்சம் ஓய்கிறது, அவர்களும் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கம் கரியால் "நாளை மதியம், கதவுக்குப் பின்னால் இருங்கள்" என்று எழுதி ஜன்னலில் பிடித்தேன். அவர் அதைப் படித்தார். தலையாட்டவில்லை. திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு வேறு கடிதம் வராவிட்டால் கம்பெனி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இப்படி எழுத எனக்கே பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


வெள்ளி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

லாரி போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு மருந்து கிடைத்துவிட்டது. இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

புதன்கிழமை பின்சந்து வழியாகச் சுவரோரமாகவே போய் ஜெராக்ஸ் கடையின் பின்கதவைத் தள்ளினேன். உள்ளே ஏற்கெனவே யாரோ இருந்தார்கள். உயிர் போய்விட்டது எனக்கு. பார்த்தால் மாடி வீட்டுக்காரர். ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "கீச்சுன்னு சத்தம் வந்தா நம்ம கதை முடிஞ்சுது" என்றார். ஷட்டரை ஒரு முழத்துக்குத் தூக்கிச் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்தோம். ரிமோட் கம்பியில் வெள்ளைத் துணி கட்டலாம் என்று நான் நினைத்திருந்தேன். "கம்பி உங்க கையில, வண்டியிலதானே கட்டணும்" என்று அவர்தான் லாரியின் கூரையில் குச்சி நட்டுக் கட்டினார்.

விட்டேன். எவ்வளவு மெதுவாகப் போகிறது அது! அசல் வண்டிபோல என்று நீங்கள் பெருமைப்படுவீர்களே, அந்த நிதானத்தை அன்றைக்கு நான் சபித்தேன். கண்ணாடித் தூள், ஓட்டுத் துண்டு எல்லாவற்றின்மேலும் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி வைத்து ஏறி இறங்கியது. நடு ரோட்டில் அறுந்து கிடந்த ஒயரில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது, கேபிள்காரரின் செருப்புக்குப் பக்கத்திலேயே. பின்னால் எடுத்தேன். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய், வண்டி மறுபடி ஒயருக்குள்ளேயே நுழைந்தது. மாடி வீட்டுக்காரர் என் காதோரம், "அவசரமில்ல, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் முதல் குண்டு. லாரிக்கு ஒரு முழம் தள்ளித் தார் சிதறியது. அடுத்தது இன்னும் கிட்டே. நான் கண்ணை மூடிவிட்டேன். மூன்றாவது வரும், பிறகு இந்த ஷட்டருக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேலேயிருந்து ஒரு சீட்டிச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு. இரண்டு மூன்று பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஒருவன், "டேய், விடுறா, போகட்டும்டா, எவ்ளோ அழகா போகுது பாரு" என்றான். அந்தத் தெருவின் அமைதியில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இருபது வயதுகூட இருக்காது அந்தக் குரலுக்கு.

கண்ணைத் திறந்து மறுபடி ஓட்டினேன். ஒயரை விட்டு வெளியே வந்தது. எதிர் வரிசை வாசல் கல்லில் முட்டி நின்றது. கதவு கையளவு திறந்தது. விளக்குமாற்றுக் காம்பு ஒன்று நீண்டு வந்து லாரியை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடிக்கொண்டது. நானும் மாடி வீட்டுக்காரரும் அப்படியே கிடந்தோம். அவர் அழுதார். நான் பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அரை மணி நேரம் கழித்து மேலேயிருந்து அதே குரல், "ஏய், அந்த வண்டிய மறுபடி விடுங்க!" என்று கூப்பிட்டது. பதில் இல்லாததால் ஷட்டரைக் குறிவைத்து நான்கு முறை சுட்டார்கள். கடையில் யாரும் இல்லை, நாங்கள் கிளம்பிவிட்டோம். நேற்றும் அதே நேரத்தில் கூப்பிட்டார்கள். இன்றும். கெஞ்சுவதுபோல் ஆரம்பித்து, கெட்ட வார்த்தையில் முடிக்கிறார்கள். கேபிள்காரரைக் கொன்ற கையும், வண்டி அழகாகப் போகிறது என்று ரசித்த கண்ணும் ஒரே ஆளுடையது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கொலைகாரன் கொலைகாரனாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஓட்டினவர் யார் என்று அவர்கள் இறங்கி வந்து தேடுவார்கள் என்று தெருவில் பேச்சு. நான் முன்னறையை விட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன்.

அக்கா நேற்று ஜன்னலில் ஒரு அட்டையைப் பிடித்தார். லாரியில் வந்த மருந்துப் பெட்டியைக் கிழித்துத்தான் எழுதியிருக்க வேண்டும். "வண்டியை அனுப்ப மாட்டேன். நீ வாசல் பக்கம் வராதே. எனக்கு நீ வேண்டும்" என்று எழுதியிருந்தது. என்னைப் பார்த்து அவர் பேசிய பேச்சு, நான்கு வருஷத்துக்குப் பிறகு இதுதான். நான் கையைக் கூப்பினேன். அவரும் கூப்பினார்.

விஷயம் தெரிந்து நீங்கள் கப்பலை விட்டுக் கிளம்பிவிடுவீர்கள் என்பதுதான் என் பெரிய பயம். வர வேண்டாம். பெரிய ரோடு வழி என்றுமே வர வேண்டாம். அப்படியும் மனம் கேட்காமல் வந்துவிட்டால், பக்கத்து ஊரில் ரொட்டிக்காரரைப் பிடித்து அவர் கூடவே பின்சந்து வழியாக வாருங்கள். வந்து கதவைத் தட்டாதீர்கள். இப்போது யார் தட்டினாலும் நான் திறப்பதில்லை. வெளியே நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மெதுவாகக் கூப்பிட்டால் போதும். எனக்குக் கேட்கும்.

உங்கள் உயிர் பத்திரமாக இருக்கட்டும் என்ற ஒரே வேண்டுதலோடு,
உங்கள் வீட்டுக்காரி