காந்தம் ஒட்டாத கார்

அம்பிட்டிய,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நப்லாவுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அறிவில் மட்டும் ஒருவருக்குக் குறை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் மருமகனும் குட்டி ஸாகியும் நலமாயிருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ சிரித்துவிடுவாய், இது சிரிக்கிற காரியமில்லை. பக்கத்து வீட்டு ருஷ்தி நீ இருக்கிற டோஹாவுக்குப் போகிறான், மாசிக் கருவாட்டுத் தூளோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

டிசம்பரில் வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து உங்கள் பழைய மொரிஸ் மைனர் காரில்தான் வீட்டுக்கு வருவேன், ஊரில் ஸாகியின் முதல் பயணம் அதில்தான் என்று நீ வாப்பாவிடம் ஒரு வாய்ச்சொல் சொன்னாய். நீ அன்றைக்கே மறந்திருப்பாய், அவர் மறக்கவில்லை. பத்து வருஷம் மாமரத்தடியில் பொலித்தீன் போர்த்திக் கிடந்த காரை அடுத்த நாளே இழுத்து வெளியே போட்டார். எஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து உயிர்ப்பித்துவிட்டார், அதோடு நின்றிருந்தால் மரியாதை. காரின் பொடித் தகரமெல்லாம் துருக் கறள், சக்கரத்துக்கு மேலே மட்காட்டைத் தட்டினால் பொலபொலவென்று கொட்டுகிறது. தகர வேலை தெரிந்த டிங்கரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன். கணக்குப் படிப்பித்தவனுக்குத் தகரம் ஒரு பாடமா, எல்லாம் யூடியூபில் இருக்கிறது என்றார். பிழையான விடைக்கு மேலே எழுதாதே, அழித்துவிட்டு எழுது என்று முப்பது வருஷம் பிள்ளைகளின் கொப்பியை வீசியெறிந்த மனிதர், கறளைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே பட்டிப் பசை பூசினார். பெரிய ஓட்டைகளுக்குள் பத்திரிகைத் தாளை உருட்டி அடைத்து அதற்கு மேலும் பட்டி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தேய்த்த தூள் என் கொடியில் காய்ந்த உடுப்பிலெல்லாம் சாம்பலாய்ப் படிந்தது. மேடு பள்ளம் தெரிகிறதே என்று கேட்டால் தேய்க்கிற எமரித்தாள் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீ அனுப்பிய ஒட்டகப் படம் போட்ட காந்தம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததே, அதை எடுத்துக்கொண்டு போய்க் காரில் வைத்துப் பார்த்தேன். வைத்த இடமெல்லாம் ஒட்டகம் கீழே விழுந்தது. இது தகரக் காரில்லை, பட்டிக் கார், என் பேரப்பிள்ளையை இதில் ஏற்ற விடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் இப்போது வைத்துப் பார் என்று கூப்பிட்டார். வைத்தேன், ஒட்டியது. கதவுக்குக் கீழே, கால் வைக்கிற தளத்தில், எல்லா இடத்திலும் ஒட்டியது. சோதனையில் முதலாம் பிள்ளையாய் வந்தவர் மாதிரி நின்றார். நானும் மடைச்சி போல நம்பி, போன வெள்ளிக்கிழமை கண் டொக்டரிடம் போக அதில் ஏறி உட்கார்ந்தேன். அம்பிட்டியச் சந்திக்குக் கீழே உள்ள வளைவில் அவர் பிரேக் பிடிக்க, நான் காலை ஊன்ற, கால் தளத்தைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விட்டது. காலை இழுத்தெடுத்துவிட்டேன், செருப்பு ரோட்டில் விழுந்தது, பின்னால் வந்த பஸ் அதன் மேல் ஏறிப் போனது. குனிந்து பார்த்தால் கிழிந்த தகரத்தில் ரோஜாப்பூ. இரண்டு கிழமையாய் நான் தேடிய, பலகாரம் போட்டு வைக்கிற ரோஜாப்பூப் பிஸ்கட் டின் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. காந்தத்தை ஏமாற்றுவதற்கென்றே அந்த டின்னை வெட்டி அறைந்திருக்கிறார். அந்த இடத்தில் ஸாகியை மடியில் வைத்துக்கொண்டு நீ கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் வருவதை நினைத்தேன்.

மறுநாள் அவர் தானாகவே கடுகண்ணாவைக்குப் போய்க் காளிமுத்து என்ற பாஸைக் கூட்டிவந்தார். அந்த மனுஷன் விரலால் தட்டித் தட்டிச் சுற்றிவந்து, இதுல கார் எங்கங்க சேர் இருக்கு, நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டித்தான் ஆகணும், கொறஞ்சது மூணு மாசமாவது புடிக்கும்ங்க, டிசம்பருக்கு முடியாதுங்க என்றார். இப்போது பாஸ் வெல்டிங் பிடிக்க, நம் கணக்கு வாத்தியார் கிரைண்டரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு, தான் பூசிய பட்டியைத் தானே சுரண்டுகிறார். நன்றாகச் சுரண்டட்டும்.

இந்தக் கடிதமும் அவர் எழுதச் சொன்னதுதான். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புள்ளக்கி நீயே எழுது, வேன்ல வரச் சொல்லு, எனக்கு வாய் வருதில்ல, நான் தோத்துட்டேன் என்றார். நாற்பத்தொரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தவள் நான். கேட்டபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை மகள், அடுப்படிக்குப் போய் அவருக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றினேன். ஆகவே வேனில் வா. வந்ததும் பரவாயில்லை வாப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே, அது அவருக்கு என் ஏச்சைவிடக் கொடுமை. வெட்டிய இடத்தைக் காட்டச் சொல்லிக் கேள்.

இங்கே டிசம்பரில் குளிர், ஸாகிக்குக் காதை மூடித் தொப்பி போடு. உன்னையும் உன் குடும்பத்தையும் அல்லாஹ் எல்லா ஆபத்திலிருந்தும், உன் வாப்பாவின் கைவேலையிலிருந்தும் காப்பாற்றுவானாக. ஆமீன். வரும்போது இன்னொரு காந்தம் வாங்கி வா. அந்த ஒட்டகத்தை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதிதாய் வைத்த ஒவ்வொரு தகரத்திலும் ஒட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறார், கேட்டால் தருகிறாரில்லை.

வஸ்ஸலாம்,
ஒற்றைச் செருப்போடு இருக்கும் உன் உம்மா,
ஸுலைஹா.