ஜித்தினுக்கு இல்லாத நோய்

கொல்லயில் கிராமம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் சஜுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் ஷார்ஜா வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். அப்பாவின் முட்டுவலி கொஞ்சம் தேவலை. உன் தங்கச்சி ஜின்சிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து பஸ்ஸில் போய்வருகிறாள், நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டுமாம், உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாதாம். நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது நியாயம் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே வருகிற எலியாவிடம் கொடுத்து விடுகிறேன். முழுதாக வாசி.

சத்தியபாய் மகன் ஜித்தின் போன மாதம் கூண்டுச் சண்டையில் ஜெயித்த கையோடு, கையுறைகளைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டு இனி சண்டை இல்லை என்று இறங்கி வந்தானே, அன்றிலிருந்து இந்த ஊருக்கு வேறு வேலை இல்லை. சாம்பியன் ஏன் நிறுத்தினான் என்று சதாசிவன் டீக்கடையில் காலையும் மாலையும் விசாரணை. பெட்டு கட்டுகிறவன்கள் மிரட்டிவிட்டார்கள் என்கிறான் ஒருவன், ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டான் என்கிறான் இன்னொருவன், பெண் விஷயமாக்கும் என்று கண்ணடிக்கிறான் மற்றவன். எலே, நீங்க ஆரெங்கிலும் ஒரு அடி வாங்கியிருக்கியளா, டீயைக் குடிச்சிட்டு எழும்புங்கலே என்று சதாசிவன் விரட்டினாலும் எழும்புகிறதில்லை. பணக்காரன் மகன் நிறுத்தினால் அதற்குப் பெயர் ஓய்வு, அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்தவளின் மகன் நிறுத்தினால் உள்ளே ஏதோ களவு இருக்க வேண்டும். சபை ஹாலில் பயிற்சி செய்யட்டுமா என்று அவன் கேட்டபோது அடிதடிக்கு இங்கே இடமில்லை என்று துரத்தியவர்கள்தான் பிறகு அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள். இதெல்லாம் எனக்குப் பழகிய கோபம். ஆனால் நேற்று நடந்தது அப்படியல்ல.

நேற்று ஆராதனையில் செயலாளர் வழக்கம்போல ஜெபக் குறிப்புகளை வாசித்தார். பிரசவம், பரீட்சை, விசா என்று வாசித்து வந்தவர், தலையில் கட்டி வந்து அவதிப்படுகிற நம் சாம்பியன் ஜித்தினுக்காக ஷார்ஜாவிலிருந்து ஈசாக் மகன் சஜு காணிக்கையோடு கேட்டுக்கொள்கிறார் என்றார். என் பக்கத்தில் இருந்தவள் சத்தியபாய். சபை முழுக்கக் கண்ணை மூடித் தலைகுனிந்துகொண்டிருக்கும்போது அவள் மட்டும் எழுந்து நின்று, என் பிள்ளைக்கு என்னவாக்கும், ஒருத்தரும் எனக்கிட்ட செல்லல்லியே என்று கேட்டாள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை சஜு. பின்னால் இருந்து ஒருவர் ஆமென் கூடச் சொன்னார். அவள் செருப்பு போடாமல் ஓடினாள், நான் பின்னாலே ஓடினேன்.

ஜித்தின் வீட்டுப் பின்புறம் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டு நின்றான். இவள் போய் மண்கையோடு அவனைப் பிடித்து உட்காரவைத்து, பேன் பார்ப்பது போல மயிரை வகிர்ந்து வகிர்ந்து தலையைத் தடவுகிறாள். பழைய தையல் தழும்பு ஒவ்வொன்றிலும் விரல் தட்டும்போது இதா, இதா என்று அலறுகிறாள். அவன் சிரித்துப் பார்த்தான், பிறகு அழுதான். எனக்கு ஒரு சூக்கேடும் கிடையாது அம்மே, அடி வாங்கியும் மடுத்து, கொடுத்தும் மடுத்து, சண்டையே சலிச்சுப் போச்சு, அவ்வளவுதான் என்றான். கடைசிச் சண்டைக்குப் பிறகு டாக்டர் எடுத்த ஸ்கேனைப் போனில் காட்டினான். அவள் நம்பவில்லை. நீயும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், பெற்ற தள்ளையிடம் மறைப்பதை உன்னிடம் சொல்லியிருப்பான் என்கிறாள். இன்று காலை போய்ப் பார்த்தேன், வேலைக்குப் போகாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் இவள் நெஞ்சில் கைவைக்கிறாள்.

உங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் யாரோ கிளப்பியதை நீ நம்பித்தான் ஜெபத்துக்குக் கொடுத்திருப்பாய், கெட்ட எண்ணம் இருந்திருக்காது, தெரியும். ஆனால் ஜெபம் கேட்குமுன் அவனை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்க உனக்கு விரல் இல்லையா? மடுத்துவிட்டது என்று ஒருவன் சொன்னால் ஏன் உங்களுக்குப் போதவில்லை? போதகரிடம் போய், வரும் ஞாயிறு அது தவறு என்று வாசியுங்கள் என்றேன். மறுப்பு வாசிக்கிற வழக்கம் சபையில் இல்லையாம், வேண்டுமானால் சுகம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தால் அதை வாசிக்கலாமாம். இல்லாத நோய்க்கு நன்றி! அப்படியே வையுங்க மாமி, அம்மை உறங்கட்டும் என்று ஜித்தின் சொல்கிறான். நான் மாட்டேன். அப்படி வாசித்தால் மறுநாளே சுகமாயிற்றே, கூண்டுக்குள் ஏறு என்று அதே கூட்டம் அவன் வாசலில் நிற்கும்.

ஆகவே மக்கா, இதை வாசித்து முடித்ததும் சத்தியபாயைக் கூப்பிடு. ஜித்தினை அல்ல, அவளை. அவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை மாமி, கேள்விப்பட்டதை நம்பிச் சொல்லிவிட்டேன் என்று உன் வாயால் சொல். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அவள் திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் போனை வைக்காதே. அந்தக் குழுவிலும் அப்படியே எழுது. வரும் ஞாயிறு ஜெபக் குறிப்பு வாசிக்கிற நேரத்தில் நான் எழுந்து நிற்கப் போகிறேன். போன வாரம் என் மகன் சொன்னது பொய் என்று சபை நடுவே சொல்வேன். அப்பா வேண்டாம் என்கிறார், நம் குடும்பத்துக்கு வெட்கம் என்கிறார், வெட்கம்தான். அதோடு, அவனே சத்தியபாயிடம் சொல்லிவிட்டான் என்றும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசை. அந்த வார்த்தை உன் கையில் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும், நல்ல புத்தியும் தரட்டும்.

கோபம் ஆறாவிட்டாலும் உன்மேல் பாசம் குறையாத,
அம்மா விமலகுமாரி