ஒன்பதாவது கட்டம்

அண்ணே, அலமாரித் தட்டில் என் வீட்டுக்காரர் எப்போதோ தெரியாமல் விரித்துவைத்த பழைய கணினித் தாளை இன்று உருவினேன். திருப்பினால், பக்கம் முழுக்கப் புள்ளியும் பெருக்கல்குறியும். கரப்பான் அரித்தது போக மிச்சம் நம் கொடைக்கானல் மலை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புள்ளி என்றால் மலையில் தானாக வளர்ந்த சோலைக்காடு. பெருக்கல்குறி என்றால் வெட்டுவதற்கென்றே நட்ட வாட்டில் மரம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரிக்கக் கணினியைப் பழக்க, எண்பதுகளில் மதுரையிலிருந்து ஜீப்பில் வந்தவள் நான். காட்டுக் காவலரான நீங்கள் நடந்து பார்த்து, எது சோலை, எது வாட்டில் என்று படத்தில் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டீர்கள். மொத்தம் எட்டு. மிச்ச மலையை இயந்திரமே பிரித்துவிடும் என்று பெருமையடித்தேன்.

"பாக்காத எடத்தையும் அதுவாச் சொல்லிருமா தாயி?"

"சொல்லிரும்ண்ணே."

"அடுக்கம் போற பாதைக்கு மேல ஒரு சோலை கெடக்கு. எங்க ஊருக்குத் தண்ணி அங்கருந்துதான் வருது. அதையும் வெரசாப் பாத்துட்டு வந்துருவமே."

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் டிரைவர் முனகினார். எட்டே போதும், கிளம்பலாம் என்றேன்.

நீங்கள் குறித்த சோலைகள் எல்லாம் நிழல் விழும் சரிவில் இருந்தவை. வெயில் காயும் சோலையை அந்தக் கணினி கண்டதே இல்லை. வெயில் சரிவில் இருந்த உங்கள் ஊர்ச் சோலை முழுக்கப் பெருக்கல்குறியாக வந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்களிடம் இந்தத் தாளைக் காட்டியபோது வெட்ட உத்தரவு ஆகியிருந்தது. நீங்கள் இதன் மேலேயே ஒன்பதாவது கட்டத்தை அழுத்திப் போட்டீர்கள். அதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட, கணினியில் எனக்கு முறை வருவதற்குள் கோடாரி போய்விட்டது. கடிதம் எழுதினேன். அதிகாரிகள் வாசலில் கால்கடுக்க நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கோடையில் உங்கள் ஊர் ஓடை வற்றியது.

என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம். "அதுக்கென்ன தெரியும் தாயி? நாம காட்டல" என்றதோடு சரி. நீங்கள் போய்ச்சேர்ந்த செய்திகூட எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

என் மகளுக்கு இப்போது இதே வேலை. "கொஞ்சம் குறிச்சுக் கொடுத்தாப் போதும்மா, மிச்சத்த அதுவே பிரிச்சுரும்" என்கிறாள். எந்த இடத்தைக் காட்டாமல் விட்டாய் என்று கேட்க வாயெடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவைக்கிறேன்.

தாளை மறுபடி அலமாரியில் விரிக்க மனசில்லை, அண்ணே. உங்கள் சிவப்புக் கட்டம் இன்னும் அழியவில்லை. 'நாம' என்று சொல்லி, பழியில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீங்களோ அன்றைக்கே காட்டுகிறேன் வா என்று கூப்பிட்டீர்கள். வரமாட்டேன் என்றவள் நான்தான்.