வெண்கழித் தீவின் கேணிகள் தூர்ந்த செய்தி

வெற்றி பெருகுக. செம்மலை நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் மாமன்னர் நெடுஞ்சேயோன் திருமுன்னர், கடலுக்கு அப்பால் வெண்கழித் தீவைத் தேவரீர் பெயரால் காத்துவரும் அடியேன் சேந்தன் வெண்கோ, தலை நிலத்தில் படிய வணங்கி எழுதும் ஓலை. பொன்வாயில் மாநகரில் மழை தவறாதிருக்க. அரசியாரும் இளவரசரும் நோயின்றி வாழ்க. இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது மரபு. அவ்வாறு எழுத அடியேனுக்குக் கை வரவில்லை.

தேவரீரின் தந்தையார் காலத்தில் பஞ்சத்தால் வாடிய குடிகள் கப்பலேறி இத்தீவுக்கு வந்தார்கள். துறையில் நின்று வழியனுப்பிய பெரிய அரசர், கடல் நடுவே வாழ்ந்தாலும் நீங்கள் என் குடிகளே, இந்நாட்டார்க்குள்ள உரிமை அனைத்தும் உங்களுக்கும் உண்டு என்று அருளினார். அச்சொல்லை நம்பி வந்தவர்களுக்கு இங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பாறையைப் பிளந்து தாமே கேணி தோண்டினார்கள். சாத்தி என்பவளின் கணவன் தோண்டிய குழியிலேயே மண் சரிந்து மாண்டான். அவனை அடக்கம் செய்த பின் அவளே உள்ளே இறங்கி, மீதியைத் தோண்டி, நீரைக் கண்டாள்.

அத்தகைய கேணிகளின்மீதுதான் தேவரீரின் சபை வரி விதித்தது. தாய்நாட்டில் ஏரியும் கால்வாயும் அரசு வெட்டியவை. அவற்றின் நீருக்கு வரி கேட்பது முறை. இங்கே அரசின் மண்வெட்டி ஒருமுறையும் நிலத்தில் பட்டதில்லை. வடவெல்லைப் போருக்காக இவ்வரி என்று அறிவிக்கப்பட்டது. கடற்கொள்ளையர் இத்தீவைச் சூறையாடியபோதோ இவர்களுக்காக ஒரு படகும் வரவில்லை. ஆயினும் குடிகளின் நெஞ்சை அறுத்தவை இவை அல்ல. சபையில் மலைநாட்டாருக்கு இருக்கை உண்டு, வயல்நாட்டாருக்கு உண்டு, கரைநாட்டாருக்கும் உண்டு. எங்களை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டு நீருக்கு விலை வைத்தார்களே என்பதே அவர்கள் புலம்பலாக இருந்தது.

அவர்கள் சார்பில் முறையிட ஊர்த்தலைவர் கண்ணந்தை கப்பலேறினார். தேவரீரின் பிறந்தநாளில் தம் வீட்டு வாசலில் ஆண்டுதோறும் ஊருக்கே சோறிட்டவர் அவர். பொன்வாயிலில் சபை மண்டபத்துக் காவலர், இருக்கை இல்லாத ஊரார்க்கு உள்ளே பேச்சும் இல்லை என்று தடுத்துவிட்டார்கள். மழைக்காலம் முழுதும் அவ்வாசலில் நனைந்து நின்றுவிட்டு அவர் திரும்பி வந்தார். துறையில் கூடிய குடிகள் மன்னர் என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்டபோது, மன்னர் நோயுற்றிருந்தார், தேறியதும் நிச்சயம் கேட்பார் என்று அவர் பொய் சொன்னார். தேவரீர்மீது அவர்கள் வைத்த அன்பு உடைந்துவிடக் கூடாதே என்ற அச்சம் ஒன்றே அதற்குக் காரணம். அது தெரியாத அக்குடிகள் தேவரீர் நலம்பெறக் கோயிலில் விளக்கேற்றினார்கள்.

பின்னர் வரியதிகாரி எயினன் படையோடு வந்து இறங்கினான். வரி கொடாதார் கேணிகளை முத்திரையிட்டு மூடும் கட்டளையை அவன் கொணர்ந்திருந்தான். ஊர்மன்றத்தில் சாத்தி எழுந்து, மன்னர் உடல் தேறினாரா என்று முதலில் விசாரித்தாள். அவன் நகைத்து, மன்னருக்கு என்ன குறை, அந்த மழைக்காலம் முழுதும் நாள் தவறாமல் யானைப்போர் கண்டு மகிழ்ந்தாரே என்றான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் கண்ணந்தையைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து, பொய் சொன்னது நான், மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார். பின்பு தம் வீட்டுக்குச் சென்று, முதற்கல்லைத் தம் கேணியில் தாமே எறிந்தார். அடியேன் ஓடிப்போய் அவர் கையைப் பற்றினேன். முத்திரையிட அவர்களுக்கு இங்கே ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லி அவர் கையை விடுவித்துக்கொண்டார். அதன்பின் வீடுதோறும் கல் விழும் ஓசை கேட்டது. சாத்தி ஒரு குடம் நீர் மொண்டு, கணவனைப் புதைத்த இடத்தில் ஊற்றிவிட்டு வந்து, தன் கேணியைத் தூர்த்தாள். அவள் அழவில்லை. காவலுக்கு நின்ற படைவீரர்களில் சிலர் அழுதார்கள்.

குடிகள் தங்கள் படகுகளில் ஏறி, எவர் கொடியும் பறவாத கீழைத் தீவுகளை நோக்கிப் போய்விட்டார்கள். தடுக்குமாறு எயினன் ஆணையிட்டான். அடியேன் தடுக்கவில்லை, அக்குற்றத்துக்குரிய தண்டனையை ஏற்கக் காத்திருக்கிறேன்.

கண்ணந்தை மட்டும் படகேறவில்லை. காய்ச்சலில் விழுந்த அவரை அடியேன் இல்லத்தில் கிடத்தினேன். நீர் கொடுத்தபோது, இதற்கு வரி கட்டியாயிற்றா ஐயா என்று சிரித்தபடி கேட்டார். சபையில் சொல்ல எண்ணி, கப்பலில் போகும் வழியெல்லாம் மனத்துள் கட்டிவைத்த சொற்களை அன்று அவர் என்னிடம் சொன்னார். அவை இவை: ஐயன்மீர், உங்களுக்கு ஒரு குறை என்றால் எங்கள் வீட்டு அரிசியையும் அள்ளிக் கொடுப்போம். ஆனால் எங்களிடம் கேளுங்கள். கேட்டு வாங்கினால் நாங்கள் உங்கள் உறவினர். கேளாமல் எடுத்தால் நாங்கள் யார்?

இதைச் சொன்ன மறுநாள் அவர் உயிர் நீத்தார். சுமக்க ஊரார் இல்லாமையால் அடியேனும் படைவீரரும் சுமந்தோம்.

மன்னர் மன்னவ, இவ்வோலையைக் கருவூலத்தில் பூட்டிவைக்க வேண்டா. சபை கூடும் நாளில், எல்லா நாட்டாரும் தத்தம் இருக்கையில் அமர்ந்திருக்க, அவர் சொற்களை உரத்த குரலில் வாசிக்குமாறு கட்டளையிட்டருள வேண்டும். ஆளக் குடியில்லாத ஊரில் அரச இலச்சினைக்கு வேலை இல்லை. அவ்விலச்சினையை இவ்வோலையின்மீது இறுதியாக ஒருமுறை ஒற்றி, ஓலை வரும் இதே கப்பலில் அதைத் திருப்பி அனுப்புகிறேன்.

இது சேந்தன் வெண்கோ என் எழுத்து.